அர்ச்சுனன் அங்கிள் மல்லாந்து படுத்த வியாழக்கிழமை

யோங் பெங் ஊரின் பெரிய சாலையில், மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது வசந்தினி டீச்சரின் யோகா வகுப்பு. கீழே இருபது மெத்தைகள் படுக்க ஆளில்லாமல் கிடக்கும். மேலே பன்னிரண்டு பேர் காசு கொடுத்துத் தரையில் படுப்போம். படிக்கட்டுச் சுவரில் மூன்று மொழியில் பலகை மாட்டியிருக்கும். திங்கட்கிழமை முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி யோகா, செவ்வாயும் வியாழனும் முதுகு வலிக்கு, சனிக்கிழமை கர்ப்பிணிகளுக்கு. இதில் ஒன்றும் எனக்கு இல்லை. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டு வந்தவள் நான், லோஷினி. வாரத்தில் இரண்டு மாலையாவது நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் முதுகு வலி வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அங்கேதான் அர்ச்சுனன் அங்கிளைப் பார்த்தேன். வயது ஐம்பத்தெட்டு. பதினாறு வயதில் லோரி கழுவப் போனவர். இருபத்தொன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து, அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் காஹாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றினார். தோள் அலமாரி மாதிரி இருக்கும். பாதம் மட்டும் வேறு யாருடையதோ போல வீங்கிப் பளபளக்கும். காலுறையைக் கழற்றினால் அதன் கோடு தோலில் குழியாகப் பதிந்திருக்கும்.

குனியச் சொன்னால் குனிவார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நிற்பார். கடைசியில் சாந்தியாசனம் வரும். "எல்லாரும் மல்லாந்து படுங்க, கண்ணை மூடுங்க" என்று டீச்சர் விளக்கை அணைப்பார். சரியாக அப்போது அங்கிள் எழுந்து, வாசலில் இருக்கும் கிரில் கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவார். எட்டு வாரமாக இதுதான் நடந்தது. சும்மா படுப்பதற்குக்கூடச் சோம்பேறித்தனமா, இல்லை சிகரெட்டா என்று எனக்குக் குறுகுறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீச்சர் திரையை இழுத்துக்கொண்டிருந்தபோது கிரில்லைச் சாத்திப் பூட்டினேன். சாவியை என் பாய்க்கு அடியில் செருகினேன். அங்கிள் தள்ளிப் பார்ப்பார், முழிப்பார், அசடு வழியத் திரும்பி வந்து படுப்பார். அவ்வளவுதான் என் திட்டம்.

விளக்கு அணைந்தது. அங்கிள் போனார். ஒரு தரம் தள்ளினார். இரண்டாம் தரம் தள்ளினார். பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கத் தொடங்கினார்.

கத்தியிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அவர் கத்தவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்குவது போல மெதுவாகத்தான் சொன்னார்.

"திறங்க. நான் உள்ள இருக்கேன். உள்ள இருக்கேன்."

நாங்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் அதே அறையில்தான் இருந்தோம். அவர் எங்களிடம் பேசவில்லை. வெளியே காலியாகக் கிடந்த படிக்கட்டிடம் பேசினார்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவசரத்தில் அது துவாரத்துக்குள் போகவில்லை. டீச்சர் வந்து பிடுங்கித் திறந்தார். அங்கிள் நடந்து இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினார்.

அவர் காருக்குள் உட்கார்ந்த பிறகு, மனைவி அங்கம்மா ஆண்டி செருப்பை எடுக்க மேலே வந்தார்.

"நான்தான் பூட்டினேன், ஆண்டி."

"தெரியுது. உன் மூஞ்சிலயே எழுதியிருக்கு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் படியில் உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மழை நாளு. செம்மண் ரோட்டுல லோரி கவுந்திருச்சு. இவரு கதவத் திறந்து வெளிய வரப் பாத்திருக்காரு, லோடு பூரா மேல சரிஞ்சிருச்சு. குலைக்கு அடியில நாலு மணி நேரம், பாப்பா. மல்லாக்க. மூஞ்சிக்கு மேல ஒரு கையளவுதான் இடம். மேல ஆளுங்க பேசுறது இவருக்குக் கேட்டுச்சாம். இவரு பேசுறது யாருக்கும் கேக்கல."

நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"அதுலருந்து படுக்கிறதே இல்ல. நாற்காலியிலதான் தூக்கம். காலைத் தொங்கப் போட்டுத் தொங்கப் போட்டு நீர் இறங்கிப்போச்சு. இனிப்பு நீர் வியாதி வேற. இப்ப குதிகால்ல புண்ணு. இப்படியே உக்காந்து தூங்கினா பாதத்தை எடுக்க வேண்டியதுதான்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. தனியாப் படுக்கப் பயப்படுறவரு நாலு பேரோட சேந்தாச்சும் படுப்பாருன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"இனிமே வரமாட்டாரா, ஆண்டி?"

"எனக்கும் அந்தப் பயந்தான் லா" என்று எழுந்து போனார்.

மறுநாள் என் கட்டிலுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கைப்பேசியில் நாலு மணி நேரம் என்று அலாரம் வைத்தேன். ஆறு நிமிடம் தாங்கினேன். அதுவும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை வந்தார். நேராக என் பாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்குச் சாவி யாருகிட்ட?"

மன்னிப்புக் கேட்க இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அதை விட்டுவிட்டு, டீச்சரின் மேசையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஸ்பேர் சாவி கிடையாது, அங்கிள். சத்தியமா."

அவர் வாயின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

சாந்தியாசனம் வந்தது. மற்றவர்கள் படுத்தார்கள். டீச்சர் அன்றைக்கு விளக்கை அணைக்கவில்லை. அங்கிள் வெளியே போகவும் இல்லை, படுக்கவும் இல்லை. ஒரு முழங்கையை ஊன்றிப் பாதி சாய்ந்தார். கீழே சாலையில் ஒரு லோரி போனது. தரை லேசாக அதிர்ந்தது. சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தரையில் படுத்தால் போகிற லோரி எல்லாம் முதுகில் ஏறும். எங்களுக்கு அது வெறும் அதிர்வு.

"பத்து டயரு. லோடு இருக்கு" என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார்.

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மணல் லோரி. பத்து டயர்தான்.

"சும்மா அளக்காதீங்க, அங்கிள். ஜன்னல் வழியாப் பாத்துட்டுச் சொல்றீங்க."

"எங்க பாத்தேன்? உக்காந்துதானே இருக்கேன்."

"உக்காந்தா தெரியும். படுத்துக் கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க. நான் ஜன்னல்ல நின்னு செக் பண்றேன். தப்பாச் சொன்னா எனக்கு ஒரு ஐஸ் மைலோ வாங்கித் தரணும்."

டீச்சர் என்னை முறைத்தார். ஆனால் தடுக்கவில்லை.

அங்கிள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்தார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

"பஸ்ஸு."

"பஸ்தான்."

"எண்ணெய் டேங்கரு. காலி."

"காலின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"காலின்னா குதிக்கும், பாப்பா. லோடு இருந்தா அழுத்தும்."

யாரோ படுத்தபடியே சிரித்தார்கள். எனக்கும் தைரியம் வந்தது. அந்த நேரத்தில்தான் முச்சந்திப் பக்கமிருந்து அது வருவதைப் பார்த்தேன். செம்பனைக் குலை, கூம்பு மாதிரி குவித்து ஏற்றியிருந்தது. போய்விடு, போய்விடு என்று மனதுக்குள் வேண்டினேன். முச்சந்திச் சமிக்ஞை விளக்கு சிவப்பானது. லோரி சரியாக எங்களுக்குக் கீழே நின்றது.

இஞ்சின் உறுமியது. டீச்சரின் போத்தலில் தண்ணீர் வளையம் வளையமாக ஆடியது. அங்கிளின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"சிமெண்டு லோரி, அங்கிள்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

விளக்கு இன்னும் சிவப்பு. அவர் எழுந்து ஓடினால் இனி எந்தத் தரையிலும் படுக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"பொய் சொல்லாத, பாப்பா" என்றார். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "குலை."

"ஆமா, அங்கிள். குலைதான்."

"எம்புட்டு உசரம்?"

"லோரிப் பக்கப் பலகைக்கு மேல."

"வலை போட்டிருக்கானா?"

மூன்று தரம் பார்த்தேன். "போட்டிருக்கு. நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கு."

பச்சை விழுந்தது. லோரி பாத்து பாஹாட் பக்கம் போனது. தரை அடங்கியது. அங்கிள் அசையவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பக்கத்தில் போய் முட்டி போட்டேன். சாவியின் பற்கள் அவர் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"அங்கிள்?"

"ஜன்னலுக்குப் போ" என்றார், கண்ணைத் திறக்காமல். "அடுத்தது வருது."