கண்ணுக்குக் கீழே இரண்டு பள்ளம், கண்ணாடி போட்டு ஒரு மலையேற்றம்

திருத்தணி வட்டாரப் பொதுமக்களுக்கும், மின்சார ரயிலில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து இடம் பிடிக்கும் பெருமக்களுக்கும், இந்த வலைப்பூவைத் தவறாமல் படிக்கும் ஏழு பேருக்கும் (அதில் இரண்டு பேர் நானேதான்) மிகுந்த பொறுப்புடன் தெரிவித்துக்கொள்வது: என் அக்கா தேவியின் கண்களுக்குக் கீழே நெடுங்காலமாக இருந்துவந்த இரண்டு பள்ளங்களும் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வெற்றிகரமாக நிரப்பப்பட்டன. எங்கள் தெருவில் உள்ள பள்ளங்கள் பழையபடியே நலமாக இருக்கின்றன.

இது அந்தச் சனிக்கிழமை சென்னைக்குப் போய் வந்த கதை. கூடவே, அடுத்த செவ்வாய்க்கிழமை அதே முகத்தோடு மலைக்குப் போன கதையும். முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டு கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி மலை ஏறுவது எப்படி என்று தேடினால் இணையத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது.

அக்கா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இரவு பத்து மணிக்குப் படுத்தால் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நடுவில் அவள் விடும் குறட்டைக்குப் பக்கத்து வீட்டிலும் சாட்சி உண்டு. ஆனாலும் கண்ணுக்குக் கீழே கருவளையம். வளையல் என்றால் கழற்றி வைக்கலாம், வளையத்தை என்ன செய்வது? வெள்ளரிக்காய் வைத்தாள், உருளைக்கிழங்கு வைத்தாள். இன்னும் கொஞ்சம் வெங்காயமும் வைத்திருந்தால் சாம்பார் கொதித்திருக்கும். பள்ளம் அசையவில்லை. ஆறு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சென்னையில் ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. நைனாவின் (எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் பெயர்) அக்காவான எங்கள் அத்தை அம்மையார்குப்பத்தில் இருக்கிறார். அவர் காதுக்கு ஒரு செய்தி போனால், மறுநாள் அந்த ஊர்த் தறிகள் எல்லாம் அதைச் சேலை பார்டரில் போட்டு நெய்துவிடும்.

துணைக்கு யார்? பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை ஊரில் தொழில்முறையாக வம்பு செய்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

காலை ஆறரை மணி வாக்கில் திருத்தணியில் ரயில் ஏறினோம். எண்பத்து நான்கு கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய்க்குள். அரக்கோணம் வரை உட்கார இடம் தாராளம். மணவூர் தாண்டிவிட்டால் நம் மடியே நமக்குச் சொந்தமில்லை. சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். இருநூறு சொன்னார், நூற்றைம்பதுக்கு வந்தார்.

"கண்ணு டாக்டராண்ட போறீங்களா தம்பி?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லண்ணே, கண்ணுக்குக் கீழ டாக்டரு."

"அதுக்குன்னு தனியா ஒருத்தரா? மூக்குக்கு மேல ஒருத்தரு இருப்பாரே, என் பொண்டாட்டிக்குக் கோவம் அங்கதான் வருது."

பிறவிக் கலைஞர். பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன் (அக்காவின் பர்ஸிலிருந்து).

டாக்டரம்மா முதலில் ஊசியைத் தொடவே இல்லை. அக்காவை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, கண்ணுக்குக் கீழே தோலை மெல்ல இழுத்துப் பார்த்தார். விளக்கை மேலிருந்து பிடித்தார், நேராகப் பிடித்தார். நேராகப் பிடித்தபோது கருமை பாதி காணாமல் போனது.

"போனது பள்ளத்தோட நிழல். அதை ஃபில்லர் சரி பண்ணும். மிச்சம் இருக்கறது தோலோட நிறம். அதுக்கு ஃபில்லர் ஒண்ணும் பண்ணாது. அதனால பாதிதான் சரியாகும், சம்மதமா?" என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்றும் கேட்டார். அக்கா போனில் நைனாவின் படத்தைக் காட்டினாள். "அப்போ இது பூர்வீகச் சொத்து" என்று சிரித்தார்.

பிறகு சிரிக்காமல் சொன்னார். உள்ளே போடுவது ஹைலூரானிக் அமிலம் என்ற ஜெல்லி. பிடிக்கவில்லை என்றால் வேறொரு ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். வீக்கமும் ரத்தக்கட்டும் இரண்டு வாரம் வரை இருக்கலாம். மிக மிக அபூர்வமாக ஜெல்லி ரத்தக்குழாயை அடைத்தால் பார்வையே போகலாம். "நடக்காதுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். கீழ போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு யோசிச்சிட்டு வாங்க. வேணாம்னு தோணினா அப்படியே ரயில் ஏறிடுங்க, நான் கோச்சிக்க மாட்டேன்."

டீக்கடையில் அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். நான் ஜோக் அடிக்கவில்லை. இது வரலாற்றில் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

"வேணாம்னா போயிடலாங்கா," என்றேன்.

"டேய் சந்துரு, நான் கிளாஸ்ல ஜோக் சொல்லி சிரிச்சிகினு இருக்கும்போதே ஒரு பொண்ணு எழுந்து 'மிஸ், அழுதீங்களா'ன்னு கேக்குது. என் மூஞ்சி நான் சொல்லாத கதைய சொல்லிகினே இருக்குதுடா. அத நிறுத்தணும், அவ்ளோதான்." டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். "வா."

மரத்துப்போகும் களிம்பு தடவி அரை மணி நேரம். பிறகு கன்னத்தில் ஒரு சின்ன ஊசித்துளை, அதன் வழியாக முனை மழுங்கிய மெல்லிய குழல். மொத்தமும் இருபது நிமிடத்தில் முடிந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்தபடி கடைசிவரை கல்தூண் போல நின்றேன். டாக்டரம்மாவே வியந்திருப்பார். செலவு, ஆலோசனைக் கட்டணம் அறுநூறு, ஃபில்லர் இருபத்து நான்காயிரம். ஒரு வருடம் போல இருக்குமாம்.

கிளம்பும்போது கட்டளைகள். இரண்டு வாரம் அந்த இடத்தை யாரும் அமுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. இரண்டு நாளைக்குக் குனியக்கூடாது, வெயிலில் அலையக்கூடாது. மல்லாந்து படுக்க வேண்டும். கண் மங்கினாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, தோல் வெளுத்தாலோ அந்த நிமிடமே வரவேண்டும். "ஊர்ல ஏதாவது விசேஷம் இருக்கா?" என்றார் டாக்டரம்மா. "அடுத்த மாசம்தான்," என்றாள் அக்கா. அத்தையின் பேரனுக்கு மலையில் மொட்டை, காதுகுத்து.

திரும்பும் ரயிலில், திருவள்ளூர் தாண்டியதும் அத்தையின் போன். குவைத்தில் இருக்கும் பாவாவுக்கு லீவு மாறிவிட்டதாம். பாவா அத்தையின் மகன், குழந்தைக்குத் தாய்மாமன். மாமன் மடி இல்லாமல் மொட்டை ஏது? எனவே வருகிற செவ்வாய்க்கிழமை, கிருத்திகை அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

அக்காவின் முகத்தில் அப்போதுதான் நிரப்பிய இடம் மட்டும் பாக்கி, மற்றதெல்லாம் பள்ளமாகிவிட்டது. ஏன் என்று எங்கள் சொந்தங்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்தில் அன்பு என்றால் கை. பார்த்த உடனே இரண்டு கையாலும் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை வழித்து, தங்கள் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை நெறித்துத் திருஷ்டி கழிப்பார்கள். அத்தை வழித்தால் இட்லி மாவுப் பாத்திரத்தில் ஒரு சொட்டு மிஞ்சாது. அந்த வேகத்தில் கண்ணுக்குக் கீழே இருக்கும் ஜெல்லி காதுக்குப் பக்கத்தில் குடியேறிவிடும்.

"போவலன்னா?" என்றேன்.

"நான் வரலன்னா அத்தை நேரா வூட்டுக்கே வந்து நிக்கும்."

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கண்ணில் கருப்புக் கண்ணாடி, தலையில் துப்பட்டா, பக்கத்தில் நான். யார் கிட்டே வந்தாலும் இரண்டே வார்த்தை: "மெட்ராஸ் ஐ." நம் மக்களுக்குப் பாம்பைவிட அதுதான் பயம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். படி ஏறாமல் வண்டியில் போனால் சரி, நிழலில் இருக்கவேண்டும் என்றார். கிருத்திகை அன்று முன்னூற்று அறுபத்தைந்து படியும் தலைகளால் நிரம்பியிருக்கும். ஊருக்குள்ளிருந்து மலைக்கு ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய் கேட்டார்கள். ஐந்து பேர் இடத்தில் எட்டுப் பேர். "அக்காவுக்கு மெட்ராஸ் ஐ," என்று சும்மா காற்றில் சொன்னேன். இரண்டு பேர் அடுத்த ஆட்டோவுக்குப் போய்விட்டார்கள். முருகன் அருளால் காலை நீட்டிக்கொண்டு மலைக்குப் போனோம்.

மேலேயும் திட்டம் வெண்ணெய் போல வேலை செய்தது. சித்தி கையை நீட்டினார், "மெட்ராஸ் ஐ," கை பின்வாங்கியது. பெரியப்பா தூரத்திலிருந்தே ஆசீர்வாதம் செய்தார். பாவா மடியில் குழந்தை மொட்டை முடிந்து அழுது ஓய்ந்து, சந்தனம் பூசிய பனங்காய் போலச் சிரித்தது. அப்போதுதான் அத்தை வந்தார்.

"இன்னாடி தேவி, பஸ் கண்டக்டராட்டம் கண்ணாடி போட்டுகினு நிக்கிற?"

"அத்தை, கிட்ட வராதீங்க, மெட்ராஸ் ஐ!" என்று குறுக்கே பாய்ந்தேன்.

"ஐயோ முருகா," என்று வாயைப் பொத்திக்கொண்டவர், சடாரென்று திரும்பிக் கூட்டத்துக்குள் மறைந்தார். வென்றோம் என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

பத்து நிமிடத்தில் அத்தை மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் மடித்த காகிதம். பிரித்தால் இரண்டு வெள்ளிக் கண்கள். கண்மலர். கண்ணில் நோவு வந்தவர்கள் கண்மேல் ஒற்றி எடுத்து உண்டியலில் போடுவார்களே, அதுதான். நான் சொன்ன பொய்க்கு இந்த மலையிலேயே மருந்து விற்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"கண்ணாடியக் கழட்டுடி கண்ணு. நல்லா அமுத்தி ஒத்திப் போட்டுட்டா, மலை எறங்கறதுக்குள்ள சரியாப் பூடும்."

"அத்தை, ஒட்டிக்கும்!"

"ஒட்னா ஒட்டட்டும் போடா. என் கண்ணு இனிமே இன்னாத்தப் புதுசாப் பாக்கப் போவுது? அவ கண்ணு நல்லா இருக்கட்டும்." ஒரே தள்ளு. முகக் காவல் படை மொத்தமும், அதாவது நான், தூணில் போய் ஒட்டிக்கொண்டேன். வெள்ளிக் கண்களோடு அத்தையின் இரண்டு கட்டைவிரல்களும் அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"அத்தை, நில்லுங்க!" அக்கா தானே கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ரத்தக்கட்டு. "இது மெட்ராஸ் ஐ இல்ல."

"எவன்டி அடிச்சது?"

"யாரும் அடிக்கல அத்தை. நானே ஊசி போட்டுகினேன். கண்ணுக்குக் கீழ குழி இருந்துச்சி இல்ல, அத ரொப்பறதுக்கு. இப்ப கை பட்டா நவுந்துடும். அதான் இவன் பொய் சொன்னான்."

அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கட்டைவிரல்களைக் கீழே இறக்கினார்.

"அழுது அழுதுதான் குழி வுழுந்துச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்டி," என்றார் மெதுவாக. "அந்தப் பள்ளிப்பட்டு சம்பந்தத்த நான்தான கொண்டாந்தேன். தட்டு மாத்தற வரைக்கும் வந்து நின்னு பூடுச்சி. அன்னிலேர்ந்து உன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வவுறு எரியும்."

அவர் ஏன் இரண்டு வருடமாக மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அழுத்தி அக்காவின் முகத்தை வழிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா சிரித்துவிட்டாள். "அந்த ஆளுக்காக நான் ஏன் அத்தை அழுவறேன்? அன்னிக்கு ராத்திரி ரெண்டு பிளேட்டு பிரியாணி துன்னேன், இவனக் கேளுங்க." ஆமாம், இரண்டாவது பிளேட் என்னுடையது. "இந்தக் குழி எனக்கு எட்டாங்கிளாஸ்லேர்ந்து கீது. நம்ம வூட்டுக் குழி அத்தை. நைனாவுக்குக் கீது. இங்க பாருங்க, உங்களுக்கும் கீது." போன் கேமராவை அத்தையின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

அத்தை தன் கண்ணுக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். "ஆங்... ஆமான்டி." விரலை எடுத்துவிட்டு, "அப்ப நான் கிருத்திகைக்குக் கிருத்திகை முட்டி வலியோட படி ஏறி வேண்டிகினதெல்லாம் எதுக்குடி?" என்றார்.

"நல்ல டாக்டரம்மா கெடைக்கறதுக்கு இருக்கும்."

அத்தைக்கு வந்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. கண்மலரைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டார். பிறகு பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் அக்காவின் முகத்துக்குக் கொண்டுபோனவர், ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, வெறும் காற்றை மேலிருந்து கீழாக வழித்து, தன் நெற்றிப்பொட்டில் நெறித்தார். பத்து விரலும் படபடவென்று பேசின.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊசியை முடித்துக்கொள்ளுங்கள், பாவாக்களின் லீவை நம்பாதீர்கள். பியூட்டி பார்லரில் பாதி விலைக்குப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். இதற்குப் படித்த தோல் டாக்டர்தான் வேண்டும், கரைக்கும் மருந்து கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கருவளையம் முழுக்கப் போய்விடும் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். அக்காவுக்குப் பாதிதான் போனது. ரத்தக்கட்டு பத்து நாளில் மறைந்தது. போன வாரம் வகுப்பில் ஒரு பெண் "மிஸ், லீவுக்கு ஊருக்குப் போய் வந்தீங்களா?" என்று கேட்டாளாம். அக்கா அதை இதுவரை பதினோரு தடவை என்னிடம் சொல்லிவிட்டாள். மலைக்குக் கிருத்திகை அன்று போவதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எழுதி அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி, அந்தக் கல்தூணை மட்டும் திருத்து" என்றாள். திருத்தணிக்காரன் திருத்தவில்லை என்றால் எப்படி?

திருத்தம்: டாக்டரம்மா குழலை எடுத்தபோது நான் நின்றுகொண்டிருந்தது உண்மை. அது கன்னத்துக்குள் போனதை நான் பார்க்கவில்லை. அதற்குள் தரைக்குப் போய்விட்டேன். மேலே எழுதிய ஊசி விவரமெல்லாம் அக்கா பிறகு சொன்னது. நர்ஸ் என் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார். அக்காவின் கன்னத்துக்கு வைத்திருந்த ஐஸ் பை என் நெற்றியில் இருந்தது. ஊசி முடிந்ததும், குனியக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், அக்கா குனிந்து, என் தோளுக்கடியில் கைகொடுத்து, என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். அந்த முகத்துக்கு வந்த முதல் ஆபத்து அத்தை இல்லை.