புரோட்டா வண்டி

சென்ற வாரம் தூத்துக்குடியில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் காலை நேரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு புரோட்டாக் கடை வாசலில் சிறிய சரக்கு வண்டி நின்றது. கையுறை போட்ட இளைஞன் ஒருவன், முந்தின நாள் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கடைக்காரரிடமிருந்து நீல நிறக் கேனில் வாங்கிக்கொண்டிருந்தான். வண்டியின் பக்கவாட்டில் பச்சை இலை ஒன்றை வரைந்து, இந்த எண்ணெய் எரிபொருளாகிறது, வெளிநாட்டு எண்ணெய் வாங்குவது குறைகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கறுத்த எண்ணெயின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை.

"என்ன மேடம், வழி தெரியலையா?" என்றான் பையன்.

வழியெல்லாம் நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன்பு இதே எண்ணெயை வண்டியில் ஊற்றியதற்காக ஒரு மனிதரைக் குற்றவாளி மாதிரி நிறுத்தி வைத்தார்கள். அன்று அந்த வண்டிக்குள், மீன் கூடைகளுக்கு நடுவே, கஞ்சி போட்ட சேலையோடு நானும் இருந்தேன். அவனுக்கு அவசரம், சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்குச் சாயர்புரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வீடு தூத்துக்குடியில். காலைப் பேருந்தை நான் பிடித்த நாட்களைவிட, அது என்னை விட்டுவிட்டுப் போன நாட்களே அதிகம். அப்படி ஒரு நாளில்தான் சேகு காக்காவின் வேனில் ஏறினேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும், மீன் விற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு சாயர்புரம் வழியாக ஸ்ரீவைகுண்டம் வரை போகிற வேன் அது. பேருந்தில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். அந்தப் பெண்களுக்கு இந்த மாதிரி வேன்களை விட்டால் வேறு கதி கிடையாது.

"ஏறுளா டீச்சரு, மீனு ஒன்னயக் கடிக்காது" என்று கையைப் பிடித்துத் தூக்கி விட்டவர் பிரகாசியம்மா. கடற்கரைத் தெருக்காரர், யாரும் சொல்லாமலே அந்த வேனுக்குத் தலைவி. நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து பேருந்தை நான் தேடவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர் மூக்கைச் சுளித்தார். "அந்த வண்டியில வரலாமா? ஆபீஸ் பூரா மீன் வாடை." எனக்குச் சுருக்கென்றது. "மத்தியானம் உங்க வீட்டுல கொழம்பாகப்போற சாளையும் என் பக்கத்துல உக்காந்துதான் சார் வந்துச்சு" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாளைக் குழம்பை விட்டாரா என்று தெரியாது.

சேகு காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். இளமை முழுக்க வளைகுடாவில், கப்பலுக்கு எண்ணெய் நிரப்பும் இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே போதும் என்று வந்து இந்த வேனை வாங்கினார். அதிகம் பேசாத மனிதர். ஆனால் துறைமுகத்துக்குள் எண்ணெய்க் கப்பல் ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், வாய் திறந்துவிடும். "அங்கன நான் ரொப்பி விட்ட கப்பலு, இங்கன வந்து நிக்கிது. ரெண்டு பக்கமும் வேர்வை நம்மளது. வெலைய மட்டும் வேற எவனோ சொல்லுதான்."

அந்த விலை அந்த வருடம் ஏறிக்கொண்டே போனது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் சண்டை என்று செய்தி சொல்லும், மறுவாரம் எங்கள் வேனில் பேச்சு குறைந்துவிடும். மற்ற வேன்காரர்கள் வாடகையை ஏற்றிவிட்டார்கள். காக்காவும் ஏற்றினால் பாதிப் பேர் தொழிலை விட வேண்டியதுதான். கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் பெண்கள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு திங்கட்கிழமை வேன் வந்து நின்றபோது துறைமுகமே திரும்பிப் பார்த்தது. மீன் வாடையையும் மீறி, சுடச்சுட வடை பொரிக்கிற வாசனை. யாரோ வடை வாங்கி வந்திருக்கிறார் என்று கூடையை எல்லாம் துழாவினோம். வாசனை வந்தது புகைக்குழாயிலிருந்து.

விஷயம் இதுதான். புரோட்டாக் கடைகளில் மிஞ்சும் எண்ணெயை வாங்கி, வீட்டுக் கொல்லையில் ஏதேதோ சேர்த்துக் காய்ச்சி, தெளிய வைத்து, வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றியிருந்தார். வளைகுடாவில் கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் சொல்லிக்கொடுத்த பக்குவமாம். முதல் இரண்டு முறை இன்ஜின் இருமி இருமி நின்றுபோனதையும் மறைக்காமல் சொன்னார். "வூட்டுல என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் பிரகாசியம்மா. "மனுசனுக்கு ஆக்கிப் போட்டது போவ, இப்பம் வேனுக்கும் ஆக்கணுமான்னு ஏசுதா" என்றார் காக்கா.

வாடகை ஏறவில்லை. வேனுக்குப் புரோட்டா வண்டி என்று பெயர் விழுந்தது. தெருநாய்கள் நம்பிக்கையோடு பின்னால் ஓடி வரும். காலையில் சாப்பிடாமல் ஏறினால் வயிறு கூப்பாடு போடும். நான் அந்த வருடம் கொஞ்சம் பெருத்ததற்கு அதுவே காரணம் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். சாலையோரக் கடைகளில் கேலி செய்தார்கள். "என்ன காக்கா, சால்னாவும் ஊத்துவியளா?" காக்கா கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டுவார்.

அதே சாலையில்தான் அப்போது அரசாங்கம் பலகைகள் நட்டிருந்தது. மானாவாரி நிலத்தில் காட்டாமணக்கு வளருங்கள், விதையிலிருந்து டீசல் எடுக்கலாம், அந்நிய எண்ணெயை நம்பியிருக்க வேண்டாம் என்று. எட்டயபுரம் பக்கத்தில் என் சித்தப்பாகூட நட்டார். வேலி போடாமலே செடி பிழைத்தது, ஆடு வாய் வைக்காது என்பதால். விதையை வாங்கத்தான் ஆள் வரவில்லை.

அந்தப் பலகை ஒன்றின் பக்கத்திலேயே எங்கள் வேனை நிறுத்தினார்கள். எரிபொருள் கலப்படம் பிடிக்கிற அரசாங்க ஜீப் ஒன்று, மூன்று பேர். யாரோ மனு கொடுத்திருந்தார்கள், வாடகையை ஏற்றிய வேன்காரர்களில் ஒருவராக இருக்கலாம். அதிகாரி டாங்கியைத் திறந்து மோந்து பார்த்தார். "கலப்படம். வண்டிய ஆபீஸுக்கு விடு." காக்காவுக்கு வண்டி போனால் பிழைப்பு போனது. வழக்கு என்றால் அந்த வயதில் சிறை.

"மீன இறக்கிட்டு வாரோம் சார், வெயில் ஏறுது" என்றார் பிரகாசியம்மா. "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

"அப்பஞ் சரி" என்று பிரகாசியம்மா மறுபடி வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். "எல்லாரும் ஏறுங்களா. ஆபீஸுக்கே போவோம்." என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடம் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. நடந்தே போயிருக்கலாம். நானும் ஏறி உட்கார்ந்தேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. கோபம் என்று ஒன்று எனக்குள் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அலுவலகத்துக்கு நீளமான வராந்தா. பெண்கள் கூடைகளை வரிசையாக அங்கே இறக்கினார்கள். சாளை, நகரை, ஊளி. ஐஸ் உருகி நீர் படியில் வழிந்தது. ஈ வந்தது, பூனை வந்தது, ஊழியர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "எடுங்க, எடுங்க" என்று ஒருவர் கத்தினார். "வண்டிய விடுங்க, எடுக்கோம்" என்றது கூட்டம். காக்கா மட்டும் ஓரமாகத் தலைகுனிந்து நின்றார். பிரகாசியம்மா அவரை அதட்டினார்: "நிமுந்து நில்லும் காக்கா. திருடியா வந்திய?"

மத்தியானம் பெரிய அதிகாரி வந்தார். மூக்கில் கைக்குட்டை. யார் பேசுவது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், டீச்சர் அல்லவா. நான் எழுந்தேன், "சார்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பிரகாசியம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்தார்.

"ரோட்டுல போர்டு வச்சிருக்கிய. வெளிநாட்டு எண்ணெ வேண்டாம், நம்ம ஊருல வெளையட்டும்னு. இந்த மனுசன் படிச்சாரு, செஞ்சாரு. இது குத்தம்னா மொதல்ல அந்தப் போர்டப் பிடுங்குங்க. போர்டு நெசம்னா வண்டியக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, அது வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்."

அவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார், வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது டாங்கியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைச் சோதனைக்கென்று பாட்டிலில் எடுத்து அடைத்துக்கொண்டார்கள். சோதனை முடிவு வரும்வரை இதை ஊற்றக் கூடாது என்று சொல்லி வண்டியை விட்டார்கள். அன்றைய மீன் முழுதும் வீண். திரும்பும் வழியில் உப்பளத்து ஓரம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். ஒருவர்கூட அழவில்லை. காக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் காலை துறைமுகத்தில் எல்லோரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம். வேன் தெருமுனை திரும்புவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அதே வடை. பெண்கள் போட்ட குலவையில் ஏலம் ஒரு நிமிடம் நின்றது. "ஊத்தக் கூடாதுன்னாவளே காக்கா?" என்றேன். "முடிவு வரட்டும் தங்கச்சி. அது வரைக்கும் என் வண்டி பட்டினி கெடக்குமா?" என்றார். முடிவு வரவே இல்லை. வேன் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது வேன் இல்லை. வயதாகிப்போன வண்டி என்று பழைய இரும்புக்குப் போனது. அடுத்த மழைக்காலத்தில் காக்காவும் போய்விட்டார். பிரகாசியம்மா மகள் வீட்டோடு மணப்பாட்டில் இருக்கிறார், முட்டி வலியோடும் அதே குரலோடும். காட்டாமணக்கை என் சித்தப்பா என்றைக்கோ பிடுங்கிப் போட்டார், பலகைகளைக் காற்று கொண்டுபோனது. வெளித்துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் இன்னும் வந்து நிற்கிறது, விலையை இன்னும் வேறு எவனோதான் சொல்கிறான். கூடைகளை இறக்கி வைத்த வராந்தாவோடு அந்த அலுவலகத்தையும் இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடத்துக்குக் கண்ணாடிக் கதவு, காவலாளி, வரிசை எண். பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற மாதிரி ஓர் இடத்தை அதில் எங்கேயும் கட்டவில்லை.