அந்தப் பகுதியில் அப்படித்தான் இருந்தது

நான் பார்க்கும் வேலையை எங்கள் மலையூரான மன்னவனூரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. மகள் கம்ப்யூட்டரில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள் என்று அப்பா சொல்லிக்கொள்வார். கிட்டத்தட்ட அதேதான். கட்டுக்கட்டாகப் பக்கம் உள்ள கோப்பை ஏஐ முழுசாகப் படிக்காது. நேரமும் செலவும் கூடிவிடும். அதனால் அதற்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அது முதலில் தலைப்புகளைப் பார்க்கும். கேள்விக்குப் பொருந்தும் தலைப்பின் கீழ் உள்ள பகுதியை மட்டும் திறந்து படித்துப் பதில் சொல்லும். பதில் அந்தப் பகுதியோடு ஒத்துப்போனால் நான் 'சரி' போட வேண்டும், இல்லையென்றால் 'தவறு'. பகுதிக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணைக் கெடுக்கிற சோலி, ஆனால் மலையை விட்டு இறங்காமல் கிடைத்த சோலி.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பிய சில நாளில், ஒரு காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. கொடைக்கானலுக்குக் கொண்டுபோக வழியில்லை. ரோட்டில் மரம் விழுந்து மண்ணும் சரிந்து கிடந்தது. கரண்டும் இல்லை, நெட் வயரும் அறுந்துவிட்டது. ஊர் நர்ஸ் நனைந்துகொண்டே வந்து பார்த்தார், எங்கள் கேரட் தோட்டத்து வரப்பில் நின்று கொடைக்கானல் டாக்டரிடம் போனில் பேசினார். தன் பெட்டியில் இரண்டு விதமான ஊசி மருந்து இருக்கிறது, ஒன்றை உடனே போட்டாக வேண்டும், ரோடு திறக்கும்வரை காத்திருந்தால் ஆபத்து என்றார்.

அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"மதுரையில ஒரு ஊசி போட்டாங்க தாயி. மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிருச்சு. நீ பயப்படுவேன்னு சொல்லல. பேரு தெரியாது."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! சொல்லாமல் மறைக்கிற விஷயமா இது? ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கும் மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? இரண்டில் எது என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மதுரையில் இருந்தபோதே ஆஸ்பத்திரிக் கோப்பை நான் ஸ்கேன் செய்து, வேலைப் பழக்கத்தில் அதே மாதிரிக் கருவி ஒன்றில் ஏற்றி வைத்திருந்தேன். காகிதக் கட்டை மறு பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த வரப்பில் நின்றால்தான் சிக்னல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். முழுக் கோப்பைத் திறக்க அது போதாது, நாலு வரி பதில் வரும். மதுரை ஆஸ்பத்திரியில் போனை யாரும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு எந்த மருந்து ஒவ்வாமை என்று கருவியிடம் கேட்டேன்.

ஒவ்வாமை எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

மாற்றிக் கேட்டேன். அதே பதில், அதே மரியாதை. அடக் கூறுகெட்டதே என்று போனைத் திட்டினேன். நனைந்த மண்ணில் கால் புதைந்தது. முன்னால் போக ரோடு இல்லை, வீட்டுக்குத் திரும்பினால் சொல்லப் பதில் இல்லை. அந்த வரப்பில் மாட்டிக்கொண்டு நின்றது இன்றும் கனவில் வருகிறது.

அப்போதுதான் உறைத்தது. 'ஒவ்வாமை' என்ற தலைப்புள்ள தாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே நிரப்பியது. ஊசி போட்டது அதற்குப் பிறகு. ஒவ்வாமை என்று நான் கேட்கிறவரை அது அந்த ஒரு தாளைத்தான் திறந்து திறந்து காட்டும். தலைப்புகளை மட்டும் கேட்டு வாங்கினேன். நர்சுகள் தினமும் எழுதும் குறிப்பு தனிப் பகுதியாகக் கிடந்தது. அதைத் திறந்து, மூச்சுத் திணறல் எங்கே வருகிறது என்று தேடச் சொன்னேன். சிக்னல் அறுந்தது. வந்தது. மறுபடியும் அறுந்தது. வெரசா வாங்க என்று வாசலில் இருந்து நர்ஸ் கத்தினார்.

கடைசியில் வந்தது. ஊசி போட்டதும் முகம் வீங்கியது, மூச்சுத் திணறியது, மருந்து நிறுத்தப்பட்டது. கூடவே மருந்தின் பெயர். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். பெயரைச் சொன்னதும் நர்ஸ் அந்த மருந்தைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு, மற்றதை எடுத்தார். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. ரோடு திறந்ததும் கொடைக்கானலில் காட்டி, புண்ணைச் சுத்தம் செய்து கூட்டி வந்தோம்.

வயர் சரியானதும் வேலைக்கு உட்கார்ந்தேன். சில நாளிலேயே யாரோ ஒரு நோயாளியின் கோப்பு வந்தது. அதே கேள்வி. ஒவ்வாமை எதுவும் இல்லை என்று அதே பதில். திறந்து காட்டிய பகுதியிலும் அப்படித்தான் இருந்தது. மற்ற பகுதிகளைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. நான் 'தவறு' போட்டேன். மேற்பார்வை பார்க்கும் பையன் சென்னையிலிருந்து கூப்பிட்டான்.

"செக்‌ஷன்ல உள்ளதத்தானே மேடம் அது சொல்லியிருக்கு?"

"ஆமா தம்பி. எங்கப்பாவுக்கும் அதத்தான் சொல்லுச்சு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விதிப்படி 'சரி' என்று திருத்தச் சொல்லி அந்தக் கோப்பை என்னிடமே திருப்பி அனுப்பினான். பக்கத்து அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். மறுபடியும் 'தவறு' போட்டேன். அந்தக் கோப்பு மறுபடியும் வந்து நிற்கிறது.