இன்னும் ரிவர்ஸ் வரவில்லை

ஒரு மாணவர் காரிலிருந்து இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் அவள் ஸ்டீயரிங்கைத் துடைத்துவிடுவாள். மஞ்சள் துணி, கொஞ்சம் தண்ணீர், ஒரே சுற்று. "மனுஷங்க பயம் முழுக்க உள்ளங்கையிலதான் இருக்கு. ஒருத்தர் பயத்தை இன்னொருத்தர் தொடக்கூடாது" என்பாள். துடைக்கும்போதும் வாய் ஓயாது. போன மாணவர் செய்த தப்பு, வருகிறவர் செய்யப்போகிற தப்பு, எதிர்க் கடைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கும் லட்சணம் என்று எதையும் விடமாட்டாள்.

டிரைவிங் ஸ்கூல் அவளுடைய அப்பாவினுடையது. அவள் படிப்பு முடிந்த கையோடு, முழங்கால் வலி தாங்காமல், "ஒரு மாசம் மட்டும் பாத்துக்கம்மா" என்று சாவியைக் கொடுத்தார். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. இப்போது அவர் முன்னறையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, சேர வருகிறவர்களை எச்சரிப்பதோடு சரி: "நல்லா சொல்லித்தருவா. காதுதான் கொஞ்சம் வலிக்கும்."

"கிளட்சைப் பூனைக்குட்டியைத் தரையில விடுற மாதிரி விடுங்க. மூட்டையைப் போடுற மாதிரி போடாதீங்க." "ஹாரன் கெட்ட வார்த்தை மாதிரி. இருக்குங்கிறதுக்காக எடுத்து விடக்கூடாது." இப்படியே பேசிப் பேசி, சைக்கிளுக்கே பயந்தவர்களையும் கையில் லைசென்ஸோடு அனுப்பிவிடுவாள். ஆகவே ஒருவன் மட்டும் மாதக்கணக்கில் அவளிடம் கற்றுக்கொண்டிருந்ததைத் தெருவே கவனித்தது.

அவன் கல்லூரித் தோழன். அங்கே அவளுக்குத் 'தடதட' என்று பட்டப்பெயர், அவனுக்கு 'ஐயா'. படிக்கும் வயதிலேயே பென்ஷன் வாங்குகிறவரைப் போல நடப்பான். கைக்குழந்தையைக்கூட 'நீங்க' என்பான். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வருகைப்பதிவு வரிசை இருவரையும் ஒரே மேசையில் கொண்டுவந்து போட்டது. அவன் கையுறை மாட்டி முடிப்பதற்குள் அவள் கரப்பான்பூச்சியை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருப்பாள். அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவளே முடித்துவைப்பாள், பெரும்பாலும் தப்பாக. அவன் திருத்தமாட்டான். எலியும் பூனையும் என்றால்கூடச் சண்டை போடும், இவர்களை எதில் சேர்ப்பது என்று நண்பர்கள் சிரிப்பார்கள். படிப்பு முடிந்த பிறகும் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் திரும்புகிற பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில்தான் வந்தார்கள். அவள் பேசிக்கொண்டே வருவாள், அவன் கேட்டுக்கொண்டே வருவான். அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

கல்லூரிக்குப் பிறகு அவன் தனியாகப் படித்து, திக்கிப் பேசும் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவனானான். தொலைவில் ஒரு மலை ஊரின் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கெல்லாம் தானே வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்பதால், லைசென்ஸ் வாங்கிய பிறகே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். "உங்களை விட்டா எனக்கு யார் கத்துக்குடுப்பாங்க" என்று வந்து நின்றான். வாகான நேரம் என்று மத்தியான வகுப்பைக் கொடுத்தாள்.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான். காலியான சாலையிலும் இருபக்கமும் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்ப்பான். நாய் கடக்கும்வரை நிற்பான். நாய் யோசித்து நின்றால் அவனும் நிற்பான். ஒருநாள் வளைவில் லாரி ஒன்று முட்டுவதுபோல வந்தது. அவன் அலறினான்: "ஏய், நீ புடி!" அவள் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்து ஓரம் கட்டினாள். மூச்சு திரும்பியதும் அவன் முதலில் சொன்னது, "மன்னிச்சிடுங்க. ஒருமையில பேசிட்டேன்." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போது அந்த 'நீ' மட்டும் காதுக்குள் மிச்சம் இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் தேவலை போலிருந்தது.

அதன்பிறகு அவன் நன்றாகவே ஓட்டினான். அவளுக்குத்தான் திருப்தி வரவில்லை. எப்போது டெஸ்ட் என்று அவன் கேட்டபோதெல்லாம், "இன்னும் ரிவர்ஸ் வரலை" என்றாள். அவன் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு மறுநாளும் வந்தான்.

கடைசியில் அப்பாதான் கேட்டார். ஜன்னல் வழியாக அவன் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பின்னால் வந்து நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பி நல்லாத்தானேம்மா ஓட்டுறாரு. யாருக்கு ரிவர்ஸ் வரலைன்னு சொல்ற?" என்றார்.

அவள் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். அன்று முழுவதும் மாணவர்களிடம் இடது, வலது தவிர ஒன்றும் பேசவில்லை. ஒருவர் உடம்பு சரியில்லையா என்றே கேட்டுவிட்டார். கற்றுவிட்டவனைக் கற்கவில்லை என்று பிடித்துவைப்பது தொழிலுக்குச் செய்கிற துரோகம் என்று அவளுக்குத் தெரியும். ஏன் செய்கிறோம் என்பதும் தெரிந்துவிட்டதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாளே அவனை டெஸ்ட்டுக்குப் பதிந்தாள்.

முதல் தடவையிலேயே தேறிவிட்டான். திரும்பும்போது அவனே ஓட்டிவந்து, ஸ்கூலுக்குச் சற்று முன்னால் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான்.

"நீ அங்க போனதும்..." என்று தொடங்கினாள். மேலே வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் வார்த்தையை எடுத்துக்கொடுத்திருப்பார்கள். குழந்தைகளிடம் அவன் அப்படிச் செய்வதில்லை; முகத்தைப் பார்த்தால் இன்னும் தடுமாறுவார்கள் என்று அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். அப்படியே அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குத் தன் வாக்கியத்தைத் தானே தேட வேண்டியிருந்தது.

"அங்க டிரைவிங் ஸ்கூல் இருக்கா?" என்றாள்.

"இல்ல" என்றான். சாவியை உருவிக்கொண்டே, "போன மாசமே விசாரிச்சிட்டேன்" என்றான்.

அவள் வெளியே பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்கூல் வாசலில் அடுத்த மாணவி குடையோடு நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் ஒரு துணிக்கடைப் பை கிடந்தது. எட்டி எடுத்துப் பிரித்தாள். மலைக் குளிருக்கென்று அவன் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர், சாம்பல் நிறம். அவள் அதை அந்த வெயிலிலேயே போட்டுக்கொண்டாள். விரல்நுனி வரை கை நீண்டு தொங்கியது. கீழிருந்து கழுத்துவரை ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தாள்.