மெலனிக்கு என்ன அர்த்தம்

மகள் பிறந்தது மக நட்சத்திரத்தில். ம, மி, மு, மெ என்று நான்கு எழுத்துகளை எழுதிக் கொடுத்தார் ஜோசியர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிற பேர் வேண்டாம் என்று என் மனைவி செல்போனில் தேடி, 'மெலனி' என்ற ஆங்கிலப் பேரைப் பிடித்தாள். சொல்ல இதமாக இருந்தது. அர்த்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பேரைப் பதிவு செய்ய வேண்டிய நாளில், பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கேதான் மாமியார் வீட்டில் மனைவியும் மகளும் இருந்தார்கள். வீரபாண்டி தாண்டும்போது சும்மா தேடிப் பார்த்தேன். கிரேக்கச் சொல்லாம். கறுப்பு என்று பொருளாம். லத்தீனுக்குப் போய், பிரான்ஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்ததாம். எந்த ஊர் வழியாக வந்தாலும் கறுப்பாகவே வந்திருந்தது. சின்னமனூர் வருவதற்குள் ஏழு பக்கங்கள் பார்த்துவிட்டேன்.

நான் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் என் பேர் கரிச்சட்டி. மகளும் என்னைப் போலத்தான். பார்க்க வந்த பெரியம்மா, "அப்பன உரிச்சு வச்சிருக்கு. குங்குமப்பூ சாப்பிடலையா ஆத்தா?" என்று என் மனைவியிடம் கேட்டிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நகராட்சி அலுவலகம் போனேன். படிவத்தில் வேறு பேர் எழுதினேன். அம்மாவின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். தப்பானால் இருக்கட்டும் என்று இன்னொரு படிவமும் வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "வெள்ளைன்னு அர்த்தம் இருந்தா மாத்துவீகளா?"

"பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாக."

"ஒங்களக் கேலி பண்ணவுக பேருக்கு அர்த்தம் பாத்தா பண்ணாக?" மடியில் தூங்கிய குழந்தையைப் பார்த்தபடி சொன்னாள். "பேர மாத்திருவீக. நெறத்த என்ன செய்வீக?"

இன்னொரு படிவத்தில் அவளே மெலனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும் பஸ்ஸிலும் வேறு அர்த்தம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டேதான் வந்தேன்.

ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி. நர்ஸ் அட்டையைப் பார்த்து, "புதுப் பேரா இருக்கே, என்ன அர்த்தம்?" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"கறுப்பு" என்றேன்.

"அப்பிடியா" என்று எழுதிக்கொண்டு, தொடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. தோளில் போட்டுக்கொண்டு, அழுகை அடங்கும்வரை ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அடங்கிய பிறகும் உட்காரத் தோன்றவில்லை.