மாமா கேட்ட பாதை

அக்கராயன் சந்திக்குப் பக்கத்தில் மாமா போன் திருத்தும் கடை வைத்திருந்தார். திருத்திய போன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் உரியவரிடம் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதைப் பார்ப்பதற்குச் சிறந்த வழி அதில் விளையாடிப் பார்ப்பதுதான் என்பது எங்களுடைய கொள்கை. இரண்டும் ஒத்துப்போனதால், பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் நானும் அண்ணாவும் பெரியம்மாவின் மகனும் அந்தக் கடையில்தான் கிடப்போம். ஊராரின் போன்கள் எங்கள் கைகளில் சூடேறிக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, மூவரில் நான் மட்டும் பெண். அண்ணா மூன்று வயது மூத்தவன். பெரியம்மாவின் மகன் எல்லோரிலும் சின்னவன். வாய் மட்டும் பெரியது. மாமா அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத எங்கள் வீட்டில், கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டு, எங்களுடனேயே இருந்தார்.

நாங்கள் விளையாடியது இன்னும் முழுதாக வெளிவராத ஒரு விளையாட்டு. விளையாடிப் பார்த்துக் குறை நிறைகளைச் சொல்லுங்கள் என்று அதைச் செய்தவர்கள் இலவசமாக விட்டிருந்தார்கள். ஒரு பெரிய தீவு. அதில் இறங்கி மரம் வெட்டலாம், குடிசை கட்டலாம், மீன் பிடிக்கலாம், சோளம் நடலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வேறு ஆட்கள் வந்து நம் சோளத்தைக் களவெடுக்கலாம். அவர்களை நாம் வில்லால் அடித்துத் துரத்தலாம். நாங்கள் அதன் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டுத் 'தீவு' என்றே சொல்வோம். "தீவுக்குப் போவமா?" என்று சின்னவன் கேட்டால், கடையில் நிற்கும் ஆட்கள் நாங்கள் ஏதோ நெடுந்தீவுக்குப் பயணம் போவதாக நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் அணிக்குத் தலைவர் மாமா. வயலும் வாய்க்காலுமாகக் கிடந்த குடும்பத்தில் பிறந்து, நெல் விதைக்கக் கூப்பிட்டால் தலையிடி என்று படுத்துவிடும் அந்த மனிதர், போனுக்குள் சோளம் நட்டு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மாவுக்கு இது தீராத ஆச்சரியம். "இஞ்ச கிடக்கிற வயலைப் பாக்க ஆளில்லை. அங்க கமம் செய்யிறார் துரை" என்பார். மாமா சண்டையில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. ஆனால் பதுங்குவதில் அவரை வெல்ல ஆளில்லை. எதிரிகள் வரும் சத்தம் கேட்டால் எந்தப் பள்ளத்தில் படுக்க வேண்டும், எந்த மரத்தை நம்பக் கூடாது என்று ஒரு கணத்தில் சொல்லிவிடுவார். இவ்வளவு திறமை எங்கே பழகினார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. விளையாட்டில் கெட்டிக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் அறிவித்தல் வந்தது. தீவு முழு விளையாட்டாக வெளிவரப் போகிறது. அதோடு பல மாற்றங்களும் வரும். அன்றிலிருந்து விளையாடுகிறவர்களின் குழுவில் ஒரே கலவரம். அது தமிழ்க் குழு. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மதுரை, கனடா என்று எங்கெங்கோ இருந்து முகம் தெரியாத ஆட்கள் அதில் கதைப்பார்கள். நல்ல வில்லும் சுடுகிற துவக்கும் இனிக் காசு கட்டினால்தான் கிடைக்குமாம். என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் வருமாம். இதுவரை கட்டிய குடிசைகள், நட்ட சோளம் எல்லாம் அழிக்கப்பட்டு எல்லோரும் வெறுங்கையோடு மறுபடி தொடங்க வேண்டுமாம். காசு உள்ளவன் வெல்லுவான், மற்றவன் அவனுக்குக் குறிபார்த்துப் பழகும் பொம்மையாக நிற்பான் என்று ஒருவர் எழுதியிருந்தார். சின்னவன் அந்த வசனத்தைப் பாடமாக்கி, வீட்டில் கோழிக்குத் தீன் போடும்போதுகூடச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எதிர்ப்பு பெருகியதும், செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்க் குழுவோடு நேரடியாகக் கதைப்பார்கள். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் அணிக்கும் ஒரு கேள்வி. கடையில் கூட்டம் போட்டோம். பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றான் சின்னவன். துவக்கைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றான் அண்ணா. நான் குடிசைக்காக வாதாடினேன். கரை ஓரமாக நானே பலகை பலகையாகக் கட்டிய குடிசை அது. கடைசியில் அண்ணா சொன்னதே முடிவாயிற்று. எங்களிடம் காசு இல்லை, ஆகவே காசுக்குத் துவக்கு விற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கேட்பவர் மாமா.

"ஓம், கேக்கிறன். வடிவாக் கேக்கிறன்" என்றார் மாமா. சேட்டுக்கூட மாற்றிக்கொண்டு வந்தார், முகம் தெரியாத கூட்டத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்தோம். செய்தவர்களின் சார்பில் கதைத்தவர் இந்தியத் தமிழ் பேசும் ஒரு பொடியன். எல்லோரையும் 'ப்ரோ' என்றான். கேள்விகளுக்கு முன்னால், புதிய விளையாட்டு எப்படி இருக்கும் என்று ஒரு காணொளி போட்டான்.

அதே தீவு. ஆனால் வானத்திலிருந்து ஒரு பெரிய நீல வட்டம் இறங்கி அதைச் சூழ்ந்தது. வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். குடிசைகள் எரிந்தன. எல்லோரும் எடுத்ததை எடுத்தபடி உள்ளுக்குள் ஓடினார்கள். ஓடிச் சேர்ந்ததும் வட்டம் மறுபடி சின்னதாயிற்று. மறுபடி ஓட்டம். திரையின் குறுக்கே தமிழில் பெரிய எழுத்து வந்தது. சின்னவன் உற்சாகமாக எழுத்துக் கூட்டி வாசித்தான்: "பாதுகாப்பு வலயம் சுருங்குகிறது!"

"என்னெண்டு எழுதியிருக்கு?" என்றார் மாமா.

அவருக்கு நன்றாகவே தமிழ் வாசிக்கத் தெரியும். கேட்கவில்லையாக்கும் என்று சின்னவன் இன்னும் உரத்து வாசித்தான். மாமா கதிரையை விட்டு எழும்பி வாசலுக்குப் போய், வீதியில் போகும் உழவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காணொளி மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு விறுவிறுப்பான விளையாட்டுக்குக் காசு கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறதோ என்றுகூட ஒரு நிமிடம் தடுமாறினேன்.

ஒவ்வோர் அணியாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மட்டக்களப்புக்காரர் துவக்கைப் பற்றிக் கேட்டார். கனடாக்காரர் பெட்டியைப் பற்றிக் கேட்டார். 'ப்ரோ' எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் மறுமொழி சொன்னான். எங்கள் முறை வந்தது. அண்ணா ஓடிப்போய் மாமாவைக் கையில் பிடித்து இழுத்து வந்தான்.

மாமா போனைக் கையில் வாங்கி, அதன் கண்ணாடியை விரலால் துடைத்தார்.

"சொல்லுங்க ப்ரோ, கேக்குது" என்றான் அவன்.

"தம்பி, உந்த வட்டம் சுருங்கேக்க, ஒரு பக்கத்தால வெளியால போறதுக்கு ஒரு பாதை விடமாட்டியளோ?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"வெளிய போனா அவுட் ப்ரோ. உள்ள கடைசி வரைக்கும் நிக்கிறவங்கதான் வின்னர். அதுதானே கேமே."

"அது விளங்குது. வெல்ல வேணும் எண்டு வராத ஆக்களும் இருப்பினம்தானே. மீன் பிடிக்கிறவை, சோளம் நட்டவை. அவையள் சண்டை பிடிக்க வரேல்ல. அவையள் போறதுக்கு ஒரு பாதை. சின்னப் பாதை எண்டாலும் காணும்."

யாரோ சிரித்தார்கள். சோளம் நட்டவர்கள் சோளத்தைச் சுமந்துகொண்டு போவார்களா என்று இன்னொருவர் கேட்க, மேலும் பலர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சின்னவன் மேசைக்குக் கீழே மாமாவின் காலைக் கிள்ளி, "துவக்கு, துவக்கு" என்று முணுமுணுத்தான். அப்போது, அதுவரை குழுவில் ஒரு வார்த்தை பேசியிராத ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சு.

"நானும் இதைத்தான் கேக்க இருந்தனான். அந்த அண்ணா கேட்டதை எழுதிக்கொள்ளுங்கோ."

சிரிப்பு நின்றது. "ஓகே, நோட் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த அணியைக் கூப்பிட்டான். எங்கள் ஒரே கேள்வி அப்படிப் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் சின்னவனும் பொரிந்து தள்ளினோம். முடிவெடுத்த அண்ணா எங்களைவிடக் கூடக் கோபப்பட்டிருக்க வேண்டும். அவனோ தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். எங்களைவிட அவனுக்கு அவமானம் கூட என்று நான் முடிவுகட்டினேன்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் நேரே போய் முறைப்பாடு செய்தேன்.

"மாமா எங்கட மானத்தை வாங்கிப்போட்டார் அம்மா. துவக்கைப் பற்றிக் கேக்கச் சொல்லிவிட்டா, வெளியால போகப் பாதை கேக்கிறார். எல்லாரும் சிரிச்சவை."

விளையாட்டுக் கதை என்றாலே கையை உதறும் அம்மா, துருவுவதை நிறுத்தினார். "என்ன பாதை?" என்றார். நான் விளக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. அண்ணாவின் போனை வாங்கிக் காணொளியையே காட்டினேன். அம்மா கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டார். இறுதிவரை பார்த்தார்.

"கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"தீவுதானே அம்மா. நாலு பக்கமும் கடல்தான்."

"ம்ம்" என்றார். போனை என் கையில் தந்துவிட்டு, மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கடையைச் சாத்திவிட்டு வந்து பின்வளவில் மாமா உட்கார்ந்திருந்த மரக்குற்றியில் தானும் போய் உட்கார்ந்தார். நான் குசினி வாசலில் நின்று ஒட்டுக்கேட்டேன். மாமாவுக்கு ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஏச்சு ஒன்றும் விழவில்லை. தேத்தண்ணி ஆறியது.

இப்போது நான் வவுனியாவில் தங்கிப் படிக்கிறேன். என்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகள் ஒருநாள், கடைசிச் சண்டையின்போது யார் யார் எங்கே இருந்தோம் என்று கதைத்தார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. ஒன்றும் நினைவில்லை. வீட்டில் அப்பாவின் படத்துக்கு மாலை போடுவோம், அதற்கு மேல் யாரும் கதைப்பதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அம்மா பஸ் தரிப்பிடங்களைச் சொல்வதுபோல ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனார். அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். ஒவ்வோர் இடமும் முன்னதைவிடச் சின்னது என்றார். இதுதான் பாதுகாப்பான இடம், இங்கே வாருங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்களாம். அப்பா அந்தப் பெயர்களில் ஒன்றோடு நின்றுவிட்டார். அண்ணா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். என்னை மாமா சுமந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கடைசியில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் போக இடமில்லை.

நான் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மாத்தளனைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் பொய். சேட்டு மாற்றிக்கொண்டு வந்து பாதை கேட்ட மாமாவையும், எழுதிக்கொள்ளுங்கோ என்று சொன்ன அந்தக் குரலையும்தான் நினைத்தேன். அவள் யார், எந்த ஊர் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த ஞாயிறு கழிந்து சில வாரங்களில் விளையாட்டு சொன்னபடி வெளிவந்தது. துவக்குக்குக் காசு, பெட்டிக்குக் காசு. என் குடிசை போயிற்று. வட்டத்தில் பாதை ஏதும் இருக்கவில்லை. அதற்கு முன்பே நாங்கள் கூட்டம் போட்டு மாமாவைத் தலைமையிலிருந்து நீக்கியிருந்தோம். அண்ணா தனக்கு வேண்டாம் என்றதால் பதவி எனக்கு வந்தது. மாமா கொஞ்சமும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "நான் இனி விளையாடேல்லப் பிள்ளை, கடையில வேலை கூடிப்போச்சு" என்றார். கடையில் அன்று ஒரே ஒரு போன்தான் திருத்தக் கிடந்தது.

அந்தப் போனில்தான் புதிய தீவை ஏற்றித் தந்தார். கண்ணாடியைத் துணியால் துடைத்து என் கையில் தரும்போது, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"வட்டம் சின்னனா வரேக்க ஒராளை ஒராள் விட்டிட்டு ஓடாதேங்கோ, என்ன? சின்னவனைப் பக்கத்தில வைச்சிரு."

"மாமா, கடைசியில ஒராள்தான் மிஞ்சலாம்."

"ஓம், தெரியும்" என்றார்.

தெரியாமல்தான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. புதிய விதிகள் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அதுதான் இந்தக் குழப்பமெல்லாம். தலைவி என்ற பொறுப்போடு கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, வட்டம் எப்படி வரும், எந்தப் பக்கமாகச் சுருங்கும், உள்ளே வரப் பிந்தினவர்களுக்கு என்ன நடக்கும் என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக அவருக்கு விளங்கப்படுத்தினேன். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.