உள்ளே போனால் போகும் வலி

ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிற இடத்தில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் காத்தக்கா. வேலை, காற்றறையின் வால்வைத் திருப்புவது. ஆற்றுத் தண்ணீர் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிடாதபடி சுரங்கத்துக்குள் காற்றை அழுத்தி அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே இருப்பவன் நேரே அதற்குள் நுழைய முடியாது. இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே பெஞ்சு போட்ட ஒரு சின்ன அறை. அதில் உட்கார வைத்து, காற்றை மெதுவாக ஏற்றி உள்ளே அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் மெதுவாக இறக்கி வெளியே விட வேண்டும். ஏற்றும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் திறந்துகொள்ளும். சளி பிடித்தவனுக்குத் திறக்காது, காது கிழிந்துவிடும். தும்மிக்கொண்டு வருகிறவனை அவள் வாசலிலேயே திருப்பிவிடுவாள்.

"காது போனா பொண்டாட்டி திட்டுறது கேக்காது, உனக்கு வசதிதான். ஆனா நான் விடமாட்டேன். போய்ப் படு."

இறக்குவதில்தான் உயிர் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும்போது காற்று ரத்தத்தில் கரைந்துவிடும். அவசரமாக இறக்கினால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழி கிளம்பும். அது மூட்டில் மாட்டினால் வலி. முதுகுத்தண்டில் மாட்டினால் கால் விளங்காது. நிதானமாக இறக்கினாலும் சிலருக்கு வரத்தான் செய்யும்.

அவள் புருஷனும் அதே சுரங்கத்தில்தான் வேலை பார்த்தான். ஆள் பனைமர உயரம், அதனால் நெட்டையன். கெட்டியான காற்றில் யாருக்கும் விசில் வராது. அவன் மட்டும் தினமும் உதட்டைக் குவித்து முயன்று, தோற்று, மற்றவர்களைச் சிரிக்க வைப்பான். உள்வேலை என்றால் அவனுக்கு அப்படி ஓர் ஆசை.

ஒரு நாள் காலை அவன் இடது காலை இழுத்துக்கொண்டு வந்து மற்ற ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்தான். முதல் நாள் சறுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தான். அவள் காற்றை ஏற்றினாள். கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீட்டர் முள் ஏற ஏற அவன் காலை நீட்டினான், மடக்கினான், எழுந்து நிமிர்ந்து நின்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது. சறுக்கி விழுந்த கால் காற்றை ஏற்றினால் குணமாகுமா? அழுத்தத்தில் குமிழி சுருங்குகிறது, வலி போகிறது. வெளியே வந்தால் மறுபடி பெருக்கும். சுரங்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற மடத்தனம் இது. வலியோடு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, மறுநாள் உள்ளே வந்ததும், "வேலைல இறங்கினா சரியாயிடுது பாத்தியா" என்று மார்தட்டுவார்கள். டாக்டரிடம் சொன்னால் உள்வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

அவள் உள்கதவைத் திறக்கவில்லை. மைக்கை எடுத்தாள்.

"கால் வலி போயிடுச்சா?"

"அது நேத்தே போயிடுச்சு."

"அப்ப ராத்திரி பூரா சுவத்தப் பாத்து முனகினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"வீட்டுல பேசிக்கலாம். கதவத் திற."

"டாக்டரக் கூப்பிடறேன்."

"என்னைய உள்வேலைய விட்டு எடுத்துருவாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"என் சோத்துல மண்ண அள்ளிப் போடாத."

"அந்தச் சோத்த நானும்தான் திங்கறேன். கால் விளங்காம நீங்க உக்காந்து திங்கறத என்னால பாக்க முடியாது."

அழுத்தத்தில் எல்லோருக்கும் மூக்கால் பேசுவது போலத்தான் குரல் வரும். அவன் திட்டியதும் அப்படியே வந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று பயமாக இருந்தது. ஆனாலும் போனை எடுத்து எண்ணை அழுத்தி டாக்டரை வரவழைத்தாள்.

சிகிச்சை அறையில் மறுபடி அழுத்தம் ஏற்றி, நாளெல்லாம் வைத்திருந்து, ஆமை வேகத்தில் இறக்கினார்கள். கால் பிழைத்தது. இனி உள்ளே போனால் எலும்பு செத்துப்போகும் என்று டாக்டர் உள்வேலைப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார். அவனுக்கு மேலே மண் லாரிகளை ஒழுங்குபடுத்தும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. பசித்தால் சுவரைப் பார்த்துச் சொல்வான். அவளும் சுவருக்குப் பதில் சொல்வது போலத் தட்டை வைப்பாள். இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானே என்று மனசு வலித்தது. ஆனால் அன்றைக்குச் செய்ததை நினைத்து ஒரு நொடியும் அவள் வருந்தவில்லை. இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று சமையல் செய்யும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை, வேலைக்கு இறங்க ஆட்கள் காற்றறை முன்னால் கூடியிருந்தபோது, நெட்டையன் தன் கூட்டாளி குள்ளனைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணி, இவன் சும்மா..." என்றான் குள்ளன்.

"பொய் சொல்றான்." நெட்டையன் நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். "லாரிக்கு நடுவுல நொண்டிக்கிட்டு வந்தத என் கண்ணால பாத்தேன். இவன உள்ள விடாத. விட்டா, நல்லாயிட்டேன்னு கத விடுவான்."

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். குள்ளனுக்கு அழுகையே வந்துவிட்டது. என் வேலையும் போச்சா என்று கேட்டான்.

"போகும்டா. கோவமும் வரும். எனக்கு வரலையா? கால் இருக்கு, அதனாலதான் இத்தன நாளா இவகிட்ட கோவிச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்க முடிஞ்சுது."